தாடை மூட்டுக் கோளாறுக்கான மருத்துவ ஆய்வுகளைத் தேடிச் சேர்வது எப்படி?

வைகறை (கேள்வி)

வணக்கம். சில ஆண்டுகளாக இடப்பக்கத் தாடை மூட்டு வலியால் அவதிப்பட்டு வருகிறேன். தொடக்கத்தில் வாயைத் திறக்கும்போது காதுக்கு முன்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்குமே தவிர வலி இருந்ததில்லை. பிறகு அந்தச் சத்தம் திடீரென்று நின்றது. அன்றிலிருந்து வாயையும் முழுதாகத் திறக்க முடியவில்லை. இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்த அளவுக்குத்தான் பல்வரிசைகளுக்கு இடையே இடம் கிடைக்கிறது. காலையில் எழும்போது கன்னமும் நெற்றிப்பொட்டும் இறுகிக் கிடக்கின்றன. பல் மருத்துவர் செய்து கொடுத்த பல் கவசத்தை இரவில் அணிகிறேன். வலி கூடும் நாட்களில் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டினாலும் ஓரளவு தணிகிறதே ஒழியத் தீரவில்லை.

இந்நோய்க்கான புதிய மருந்துகளையும் சிகிச்சை முறைகளையும் சோதித்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வுகள் பல இடங்களில் நடப்பதாகப் படித்தேன். அவற்றில் ஒன்றில் நோயாளியாகப் பங்கேற்க விரும்புகிறேன். என் மருத்துவரிடம் கேட்டபோது, அத்தகைய ஆய்வு எதுவும் தமக்குத் தெரியாது என்றும், நானே தேடிக் கொண்டுவந்தால் படித்துப் பார்த்துச் சொல்வதாகவும் கூறினார். இணையத்தில் தேடினால் விளம்பரங்களே முன்னால் வந்து நிற்கின்றன. ஆய்வுகளை எங்கே, எந்தச் சொற்களைக் கொண்டு தேட வேண்டும்? எனக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைத்தால் அத்தனை வாரங்களும் வலியோடு வீணாகிவிடாதா? இப்போதைய பல் கவசத்தையும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்களா? நடுவில் விலக நேர்ந்தால் என்ன ஆகும்? இத்துறையில் பணிபுரிவோரோ, இத்தகைய ஆய்வில் பங்கேற்றவர்களோ விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெடுவழி

வணக்கம், சகோதரி. வாய் மற்றும் முக வலி தொடர்பான ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். சேர விரும்புவோரின் விவரங்களைச் சரிபார்த்து, தகுதியுள்ளவர்களை ஆய்வு மருத்துவரிடம் அனுப்புவதே என் வேலையின் பெரும்பகுதி. எங்களிடம் வருவோரில் பலரைத் திருப்பி அனுப்ப நேர்வது, அவர்களுடைய வலி பொய் என்பதனால் அன்று. அந்த வலி எந்த வகையைச் சேர்ந்தது என்பது அவர்களிடமும் இல்லை, அவர்கள் கொண்டுவரும் காகிதங்களிலும் இல்லை என்பதனால்தான். ஆகவே ஆய்வைத் தேடுமுன் உங்கள் நோயின் வகையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தாடை மூட்டுக் கோளாறு என்பது ஒரே நோய் அன்று. 30-க்கும் மேற்பட்ட நிலைகளைக் குறிக்கும் பொதுப்பெயர். மெல்லும் தசைகளில் மட்டும் வலி இருக்கலாம்; மூட்டுக்குள் மெத்தைபோல் அமைந்திருக்கும் வட்டு இடம் பெயர்ந்திருக்கலாம்; மூட்டின் எலும்பு தேய்ந்திருக்கலாம்; தாடை அசைவோடு கூடுகிற தலைவலியாகவும் இருக்கலாம். பெரும்பாலான ஆய்வுக் குழுக்கள் 2014-இல் வெளியான டி.சி./டி.எம்.டி. என்னும் சர்வதேச நோயறி விதிகளைக் கொண்டே இவற்றைப் பிரிக்கின்றன. தசை வலிக்கான மருந்தைச் சோதிக்கும் குழு, வட்டு இடம் பெயர்ந்தவரைச் சேர்க்க விரும்பாமல் போகலாம்; மூட்டுக்குள் ஊசி போடும் ஆய்வு, தசை வலி மட்டும் உள்ளவரைச் சேர்க்கவே சேர்க்காது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், முன்பு வாயைத் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த வட்டு, இப்போது திரும்பாமல் முன்னாலேயே தங்கிவிட்டிருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. சத்தம் நிற்பதும் வாய் திறப்பு குறைவதும் ஒன்றாக நேர்வது அந்நிலையில் வழக்கம். காலைநேர இறுக்கம் தசைகளையும் சுட்டுகிறது. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்திருப்பது அரிதன்று. ஆயினும் எழுத்தைப் படித்து நோயை உறுதிசெய்ய முடியாது. வட்டு எங்கே இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படமே தெளிவாகக் காட்டும். எலும்புத் தேய்வுக்கு சி.டி. படம் வேண்டும். வாய்-முக வலியில் பயிற்சி பெற்ற பல் மருத்துவரிடமோ, முகத்தாடை அறுவை மருத்துவரிடமோ ஒருமுறை முழுமையாகப் பரிசோதித்துக்கொண்டு, அவர் முடிவு செய்யும் நோய்ப் பெயரை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தேடுவதைப் பற்றி. மருத்துவ ஆய்வுகள் தொடங்குமுன் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. மருத்துவ ஆய்வு நெறிமுறைகளைக் கூறும் ஹெல்சிங்கி அறிக்கையின் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வெளிப்படையாகவே கூறுகிறது. இப்பதிவேடுகளில் மிகப் பெரியது, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2000-இலிருந்து நடத்திவரும் கிளினிக்கல் டிரையல்ஸ் டாட் கவ். பெயர் அமெரிக்கப் பெயராக இருந்தாலும் பல நாடுகளின் ஆய்வுகள் அதில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் இருக்கின்றன. இவற்றில் பலவற்றை ஒரே இடத்தில் தேட உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.ஆர்.பி. என்னும் தேடுதளம் உதவும். நான் அங்கே தொடங்கி, கிடைத்த ஆய்வின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நாட்டுப் பதிவேட்டிலேயே விரிவாகப் படிக்கச் சொல்வேன். தேடுதளத்தில் இருப்பது சில நேரம் பழைய நிலவரமாக இருக்கும்.

தேடும் சொல்லை ஆங்கிலத்தில் இட வேண்டியிருக்கும். தாடை மூட்டைக் குறிக்கும் ‘டெம்பரோமாண்டிபுலர்’ (temporomandibular) என்பதே முதன்மையான சொல். டி.எம்.டி. (தாடை மூட்டுக் கோளாறு), டி.எம்.ஜே. (தாடை மூட்டு) என்ற சுருக்கங்களை மட்டும் இட்டால் தொடர்பில்லாத பதிவுகளும் கலந்து வரும். உங்கள் நோய் வகை தெரிந்தபின் ‘டிஸ்க் டிஸ்ப்ளேஸ்மென்ட்’ (disc displacement, வட்டு இடம் பெயர்தல்), ‘மயால்ஜியா’ (myalgia, தசை வலி), ‘ஆர்த்ரால்ஜியா’ (arthralgia, மூட்டு வலி) ஆகிய சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். ‘ஓரோஃபேஷியல் பெயின்’ (orofacial pain, வாய்-முக வலி) என்ற தலைப்பின் கீழும் சில ஆய்வுகள் மறைந்திருக்கும். பல்லை நெறிப்பது தொடர்பான ஆய்வுகள் ‘ப்ரக்ஸிசம்’ (bruxism) என்று வரும்.

பதிவைத் திறந்தவுடன் தலைப்பைப் படிக்காதீர்கள், நிலவரத்தைப் பாருங்கள். ‘ஆள் சேர்க்கிறது’ என்று குறித்திருந்தால் மட்டுமே உங்களுக்குப் பயன். ‘இன்னும் சேர்க்கத் தொடங்கவில்லை’ என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னர் பார்க்கலாம். ‘நடக்கிறது, ஆள் சேர்க்கவில்லை’ என்பதற்கு வாசல் மூடிவிட்டது என்று பொருள். ‘அழைப்பின் பேரில் மட்டும்’ என்பது வெளியாருக்கு இல்லை. ‘நிலவரம் தெரியவில்லை’ என்றிருந்தால், முடிய வேண்டிய நாள் கடந்தும் குழுவினர் இரண்டு ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கவில்லை என்பதாகும். கடைசியாகப் புதுப்பித்த நாளையும் கட்டாயம் பாருங்கள். அதன்பின் சேர்ப்பு விதிகளையும் விலக்கு விதிகளையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். வயது 18-க்கும் 65-க்கும் இடையே, வலி மூன்று மாதங்களுக்கு மேல், வலியின் சராசரி அளவு பத்துக்கு இத்தனைக்கு மேல் என்றெல்லாம் இருக்கும். முடக்குவாதம், தாடை மூட்டில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, தசையைத் தளர்த்த அண்மையில் போட்ட போடாக்ஸ் ஊசி, நடந்துகொண்டிருக்கும் பல் கம்பிச் சிகிச்சை முதலியவை பல ஆய்வுகளில் விலக்குக் காரணங்கள். மருந்து ஆய்வுகள் கருவுற்றிருப்போரையும் பாலூட்டுவோரையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆய்வுக் காலத்தில் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும் என்றும் கேட்பார்கள். தாடை மூட்டுக் கோளாறு பெண்களிடம், அதிலும் குழந்தை பெறும் வயதில் இருப்போரிடம், மிகுதியாகக் காணப்படுவதால் இந்த விதி பலரைப் பாதிக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கரையோரம்

நான் தாடைத் தசை வலிக்கான ஆய்வு ஒன்றில் பங்கேற்றவன். என்ன ஆய்வு, எங்கே என்பதை எழுதவில்லை. முதல் நாள் பரிசோதனை எப்படி இருக்கும் என்பதைச் சொன்னால் வைகறைக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முன்பல்லின் விளிம்பில் சிறிய அளவுகோலை வைத்து, வலியில்லாமல் எவ்வளவு திறக்க முடிகிறது, வலித்தாலும் பொறுத்துக்கொண்டு எவ்வளவு, பரிசோதகர் விரலால் மெல்ல அழுத்தித் திறந்தால் எவ்வளவு என்று மூன்று முறை மில்லிமீட்டரில் அளந்தார்கள். மேல் பற்கள் கீழ்ப் பற்களை மூடும் அளவையும் கூட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கூட்டியும், விரலால் அழுத்தித் திறந்தும் 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், வட்டு சிக்கியதால் வாய் திறப்பு குறைந்த நிலையா என்று பார்ப்பார்களாம். பிறகு கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் விரல் நுனியால் ஒவ்வோரிடமாக அழுத்தினார்கள். ஒரு கிலோ எடை அளவுக்குத்தான் அழுத்தம் இருக்க வேண்டும் என்பதால், என்னைத் தொடுமுன் பரிசோதகர் தம் விரலை ஒரு சிறு கருவியின் மேல் வைத்து அழுத்திச் சரிபார்த்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கேட்டது இரண்டே கேள்வி: வலிக்கிறதா, இது உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலியா? இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம் என்று பின்னர் விளக்கினார்கள். எங்கே அழுத்தினாலும் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். தனக்குப் பழகிய வலியை அந்த விரல் எழுப்புகிறதா என்பதே நோயைக் காட்டுகிறதாம். அந்த இடத்தில் சேர வேண்டும் என்ற ஆவலில் ‘ஆம்’ என்று சொல்லிவிடாமல், உண்மையை மட்டும் சொல்லுங்கள். தகுதியில்லாத ஆய்வில் சேர்ந்தால் உங்களுக்கும் பயனில்லை, முடிவும் கெடும்.

கேள்வித்தாள்கள் நிறைய இருந்தன. தாடையைப் பற்றி மட்டுமன்று. தூக்கம், மனச்சோர்வு, பதற்றம், கவலை வரும்போது பல்லைக் கடிக்கும் பழக்கம் என எல்லாவற்றையும் கேட்டார்கள். வலியை மனப்பிரமை என்று நினைக்கிறார்களோ என்று வருந்த வேண்டாம். நாட்பட்ட வலியை அளக்கும் எல்லா ஆய்வுகளிலும் அவை உண்டு.

மருந்து தொடங்குமுன் சில காலம் வலி நாட்குறிப்பு மட்டும் எழுதச் சொன்னார்கள். ஏற்கெனவே எடுத்துவந்த ஒரு மாத்திரையை, மருத்துவரின் மேற்பார்வையில், அந்தக் காலத்தில் படிப்படியாக நிறுத்த வேண்டியிருந்தது. பல் கவசத்தை அப்படியே தொடர அனுமதித்தார்கள்; ஆனால் புதிதாக ஒன்று செய்துகொள்ளவோ, அணியும் நேரத்தை மாற்றவோ கூடாது என்றார்கள். தாங்க முடியாத நாட்களுக்கென்று ஒரு வலி மாத்திரையை ஒதுக்கி, எடுத்தால் எண்ணிக்கையை எழுதச் சொன்னார்கள். இவை ஆய்வுக்கு ஆய்வு மாறும். எனவே ‘எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடரலாம், வலி மிகுந்தால் என்ன எடுக்கலாம்’ என்ற மூன்றையும் கையெழுத்திடுமுன் கேட்டுவிடுங்கள். உங்கள் மாத்திரை எதையும் ஆய்வுக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வைகறை

இருவருக்கும் மிக்க நன்றி. நெடுவழி சொன்னபடி தேடிப் பார்த்தேன். ஆள் சேர்க்கும் ஆய்வுகள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்று, நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கும் ஸ்டெம் செல்களை (வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய அணுக்களை) மூட்டுக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் ஆய்வு. விதிகள் எனக்குப் பொருந்துவதுபோல் இருந்ததால் அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். சேர்வதற்குப் பெருந்தொகை ஒன்றைக் கட்ட வேண்டும், எல்லோருக்கும் உண்மையான ஊசியே போடப்படும், வெற்று ஊசி யாருக்கும் இல்லை என்று பதில் வந்தது. அரசுப் பதிவேட்டில் இருக்கும் ஆய்வுதானே, அரசு பார்த்து ஒப்புக்கொண்டதாகத்தானே இருக்கும் என்று எண்ணுகிறேன். வெற்று ஊசி கிடைக்கும் அச்சமும் இல்லை. பணத்தைப் புரட்டிச் சேர்ந்துவிடலாமா?

செவ்வானம்

நான் முகத்தாடை மூட்டுச் சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர். சேர வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. காரணங்களையும் எழுதுகிறேன், அம்மா. மற்ற ஆய்வுகளைப் பார்க்கும்போதும் அவை உங்களுக்கு உதவும்.

பதிவேட்டில் ஓர் ஆய்வு இருப்பதனால் அதை அரசு சோதித்து ஒப்புக்கொண்டது என்று ஆகாது. அதில் உள்ள விவரங்களை எழுதித் தருபவர்கள் ஆய்வை நடத்துபவர்களே. அமெரிக்கப் பதிவேடு, இங்கே இடம்பெறுவதனால் ஓர் ஆய்வு அரசால் மதிப்பிடப்பட்டதாகப் பொருள் இல்லை என்று தன் பக்கங்களிலேயே எச்சரிக்கிறது. சோதனையில் இருக்கும் சிகிச்சைக்காக நோயாளியிடம் பெருந்தொகை கேட்பது முதல் அபாயக் குறி. போக்குவரத்துச் செலவு உங்களுடையதாக இருக்கலாம். வழக்கமாக எப்படியும் செய்துகொள்ளும் சில பரிசோதனைகளுக்குக் கட்டணம் இருக்கலாம். ஆனால் நிரூபிக்கப்படாத ஊசியை விலைக்கு விற்பது ஆய்வு ஆகாது. விற்பனைக்கு ஆய்வு என்ற பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் உண்மையான ஊசி என்பது உங்களுக்கு நற்செய்தியாகத் தோன்றுகிறது. எனக்கு அதுதான் இரண்டாவது அபாயக் குறி. தாடை வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மிகவும் வலிக்கும் காலத்தில்தான் மக்கள் சிகிச்சை தேடி வருகிறார்கள். அதன்பின் ஒன்றும் செய்யாவிட்டாலும் சிலருக்கு வலி தானே குறையும். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லையென்றால், குறைந்தது ஊசியாலா, காலத்தாலா, எதிர்பார்ப்பாலா என்று ஒருபோதும் சொல்ல முடியாது. 2020-இல் முடிவு வெளியான சொப்ரானோ என்ற ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் தாடைத் தசை வலியுள்ள 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒன்பது வாரங்கள் ஒரு பகுதியினருக்கு இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் புரோப்ரனோலால் என்ற மருந்தையும் மறு பகுதியினருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். வலி குறைந்தபட்சம் 30 விழுக்காடு தணிந்தவர்கள் மருந்துக் குழுவில் 69 விழுக்காட்டினர். வெற்று மாத்திரைக் குழுவில் 52.6 விழுக்காட்டினர். இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அந்த வெற்று மாத்திரையையே விற்றிருந்தால், பாதிப்பேருக்கு மேல் குணம் கண்டதாக விளம்பரம் செய்திருக்கலாம்.

அதே ஆய்வில் இன்னொரு பாடமும் இருக்கிறது. முதன்மை அளவுகோலாக முன்கூட்டியே குறித்திருந்த வலிக் குறியீட்டின் சராசரிக் குறைவில் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. 30 விழுக்காடு என்ற கணக்கில்தான் மருந்து முந்தியது. எதை அளந்து வெற்றி என்று சொல்லப்போகிறோம் என்பதை ஆய்வுக் குழு முதலிலேயே பதிவு செய்வது இதற்காகத்தான். பதிவில் ‘முதன்மை முடிவு’ என்ற பகுதி மொட்டையாக இருந்தாலோ, ‘நோயாளியின் மனநிறைவு’ போன்ற தெளிவற்ற சொல் மட்டும் இருந்தாலோ தயங்குங்கள்.

வெற்று மாத்திரை கிடைத்தால் காலம் வீணாகும் என்ற உங்கள் முதல் அச்சத்துக்கும் இந்த எண்களே ஓரளவு பதிலாகும். பொதுவாக, வெற்று மாத்திரைக் குழுவில் இருப்பவரும் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறார். வலி எல்லை மீறினால் விலக்கிச் சிகிச்சை தரப்படுகிறது. சில ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவினருக்கும் முடிவில் அந்தச் சிகிச்சையை வழங்குவார்கள், கேட்டுப் பாருங்கள். ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: மருத்துவ ஆய்வின் நோக்கம் விடை காண்பது, உங்களைக் குணப்படுத்துவது அன்று. குணமாவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதை ஏற்றுக்கொள்ள மனம் இடம் தரும்போது மட்டுமே கையெழுத்திடுங்கள்.

தாடை மூட்டின் வரலாறு நான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்கு ஒரு காரணம். 1980-களில் அமெரிக்காவில் விட்டெக் என்ற நிறுவனத்தின் புரோபிளாஸ்ட்-டெஃப்லான் செயற்கை வட்டு, நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்படாமலேயே, ஏற்கெனவே சந்தையில் இருந்த பொருளை ஒத்தது என்ற அடிப்படையில் அனுமதி பெற்றுப் பலருக்குப் பொருத்தப்பட்டது. மெல்லும் அழுத்தத்தில் அது துகள்களாக உதிர்ந்தது. அத்துகள்களுக்கு உடல் காட்டிய எதிர்வினையில் மூட்டு எலும்பு அரிக்கப்பட்டது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1990-களின் தொடக்கத்தில் எச்சரித்து, அவற்றைத் திரும்பப் பெற நடவடிக்கை எடுத்தது. 1998-இன் இறுதியில்தான் இத்தகைய செயற்கை மூட்டுகளுக்கு முன்கூட்டிய கடுமையான ஒப்புதல் கட்டாயமாயிற்று. அதற்குள் பலருக்கு மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாகிவிட்டது. மூட்டுக்குள் ஒன்றைச் செலுத்திய பிறகு திரும்ப எடுப்பது எளிதன்று. எனவே திருப்ப முடியாத எதையும் சோதிக்கும் ஆய்வானால், முந்தைய கட்டங்களின் முடிவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று. ஆய்வில் சேருமுன், ஏற்கெனவே ஆதாரமுள்ள எளிய சிகிச்சைகளை முயன்றீர்களா என்று பாருங்கள். நாட்பட்ட தாடை வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வெளியானது. சிகிச்சையாளரின் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்டலும், கையால் மூட்டை அசைத்துத் தரும் சிகிச்சை, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைக்கிறது. பல் கவசம், போடாக்ஸ் ஊசி, தாடை மூட்டின் உட்புறத்தைக் கழுவுதல் முதலியவற்றில் நிபந்தனையோடு தயக்கம் காட்டுகிறது. நீங்கள் அணியும் கவசத்தை இதற்காக எறிந்துவிட வேண்டாம். ஆனால் பயிற்சி முயன்றிராவிட்டால் அதைத் தொடங்க எந்த ஆய்வுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தொடங்கும் நாளை மட்டும் குறித்து வையுங்கள். அண்மையில் சிகிச்சை மாறியவரைச் சில ஆய்வுகள் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்லும்.

தூரிகை

முடக்குவாதமும் ஒற்றைத் தலைவலியும் உள்ளதால் சிகிச்சை ஆய்வுகளில் எனக்கு இடம் கிடைப்பதில்லை. என்னைப் போன்றோர் இந்த உரையாடலைப் படித்தால், சிகிச்சை எதுவும் தராமல் நோயின் போக்கை மட்டும் கவனிக்கும் ஆய்வுகளையும் தேடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் நடந்த ஒப்பேரா ஆய்வு அவ்வகையைச் சேர்ந்தது. தாடைக் கோளாறு இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு அது புதிதாகத் தோன்றுவதையும், தாடையைத் தாண்டிய உடல்நலச் சிக்கல்கள் அதற்கு முன்னோடியாக இருப்பதையும் அது காட்டியது. நோயே இல்லாத உறவினரும்கூட இத்தகைய ஆய்வில் ஒப்பீட்டுக்காகச் சேரலாம். நோயாளிகளே தொடங்கிய டி.எம்.ஜே. அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பும் ஆய்வுச் செய்திகளை வெளியிடுகிறது.

வைகறை

பணம் கேட்ட இடத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். செவ்வானம் அவர்களுக்கு நன்றி. பரிசோதனைக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் நாள் குறித்திருக்கிறேன். அதன்பின் ஓர் ஆய்வுக் குழுவுக்கு முதன்முதலில் எழுதும்போது என்னென்ன குறிப்பிட வேண்டும், ஒப்புதல் படிவத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் யாரேனும் கூறினால் போதும்.

நெடுவழி

முதல் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வின் பதிவு எண்ணை முதல் வரியில் எழுதுங்கள். ஒரே குழு பல ஆய்வுகளை நடத்தும். அடுத்து வயது, மருத்துவர் எழுதித் தந்த நோய்ப் பெயர், வலி தொடங்கி எவ்வளவு காலம், கடந்த மாதத்தில் பத்துக்கு எவ்வளவு, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, இதுவரை செய்துகொண்ட சிகிச்சைகள், இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும், மற்ற நோய்கள் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள். எத்தனை முறை நேரில் வர வேண்டும், அவற்றில் எவற்றைத் தொலைபேசியில் முடிக்கலாம் என்றும் அப்போதே கேளுங்கள். தொலைவில் இருந்து சேர்ந்த பலர் நடுவில் நின்றுபோவது வலியால் அன்று, பயணத்தால். அடையாள ஆவணங்களையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் அவர்கள் கேட்கும் வரை அனுப்ப வேண்டாம். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் மீண்டும் ஒருமுறை எழுதலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எங்களுக்கும் ஆட்கள் தேவை.

ஒப்புதல் படிவத்தை அங்கேயே உட்கார்ந்து கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று, உங்கள் மருத்துவரிடமும் காட்டிய பிறகு முடிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அவசரப்படுத்தும் குழுவை நம்ப வேண்டாம். உங்களுக்குப் புரியும் மொழியில் படிவம் கேளுங்கள். அதில் ஆய்வை ஒப்புக்கொண்ட நெறிமுறைக் குழுவின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கிறதா, ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், உங்கள் இரத்த மாதிரியையும் படங்களையும் பின்னாளில் வேறு ஆய்வுகளுக்குப் பயன்படுத்துவார்களா என்ற மூன்று இடங்களில் நின்று படியுங்கள். நடுவில் விலகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. மருந்து ஆய்வானால் மட்டும், திடீரென்று மாத்திரையை நிறுத்தாமல் ஆய்வு மருத்துவரிடம் தெரிவித்துவிட்டு நிறுத்துங்கள். புரோப்ரனோலால் போன்ற சில மருந்துகளைச் சட்டென்று விடுவது ஆபத்து. விலகும்வரை சேர்ந்த தரவுகளை அவர்கள் வைத்துக்கொள்வார்கள் என்பதும் பெரும்பாலும் படிவத்தில் இருக்கும்.

ஆய்வு முடிந்தபின் எந்தக் குழுவில் இருந்தேன் என்பதைத் தெரிவிப்பீர்களா, முடிவுகளை எனக்கு அனுப்புவீர்களா என்று சேரும் நாளிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால், அவர்கள் அனுப்பாவிட்டாலும் பதிவேட்டின் முடிவுகள் பகுதியில் நீங்களே தேடிப் படிக்கலாம்.